முதியோர் இல்ல வாயிலில் நின்றுபோகும் ஒப்போலை

உரிமைகள் சிலவற்றுக்குத் தொடக்க அகவை உண்டு. முடிவு அகவை இல்லை. வாக்கு என்றும் ஓட்டு என்றும் பிறர் வழங்கும் ஒப்போலை உரிமை அத்தகையது. 21 அகவை நிரம்பியோர்க்கென அரசியலமைப்புச் சட்டத்தின் 326-ஆம் உறுப்பு வகுத்திருந்த அவ்வுரிமை, 61-ஆம் திருத்தத்தால் 1989 முதல் 18 அகவையினர்க்கும் உரித்தாயிற்று. ஆனால், இத்தனை அகவைக்கு மேல் அது செல்லாது என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. கால் தளர்ந்தாலும் கண் மங்கினாலும் கை நடுங்கினாலும் அது தளர்வதில்லை, மங்குவதில்லை. சட்டத்தில் இவ்வாறு நிலைபெற்ற உரிமை, நம் கொங்கு நாட்டில் ஓரிடத்தில் மட்டும் ஓசையின்றித் தேய்ந்து வருகின்றது. அவ்விடம் முதியோர் இல்லம்.

கொங்கு வேளாண் குடிகளில் முதியோர்க்கெனத் தனியிடம் தேடும் வழக்கம் முன்னர் மிக அரிது. தோட்டத்துச் சாளையின் திண்ணையே அப்பாருவுக்கும் அப்பத்தாளுக்கும் போதிய இடமாக இருந்தது. இன்றோ, காங்கேயத்திலும் தாராபுரத்திலும் அன்னூரிலும் தோட்டங்கள் ஆளின்றிக் கிடக்கின்றன. மக்கள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் பொருளீட்டுகின்றனர். பெற்றோர் கோவையைச் சூழ்ந்த இல்லங்களில் வாழ்கின்றனர். திங்கள்தோறும் பல்லாயிரம் உரூபா வாங்கும் வளமனைகளும் உண்டு. அறத்தார் நடத்தும் எளிய இல்லங்களும் உண்டு. வளம் வேறுபடினும், இரண்டிலும் ஒன்று பொது. தேர்தல் நாளன்று அங்குள்ளோருள் பலர் ஒப்போலை இடுவதில்லை. அவர்களுக்கு அதில் நாட்டமில்லை என்று எண்ணுவோர் அவர்களோடு அரைமணி நேரம் அரசியல் பேசிப் பார்த்தவர் அல்லர்.

அவர்கள் யாவர்? இன்று எண்பத்தைந்தைக் கடந்து நிற்பவர் 1962-ஆம் ஆண்டுத் தேர்தலில் முதன்முதலாக ஒப்போலை இட்டவர். 1965-இல் பொள்ளாச்சியில் துப்பாக்கி வெடித்ததைச் செவியாரக் கேட்ட தலைமுறை அது. 1967-இல் ஆட்சியையே மாற்றிய விரல்கள் அவர்களுடையவை. 1996-இல் ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சித் தொகுதியில், தம் குறைகளை நாடு அறிய வேண்டும் என்று உழவர் திரண்டு வேட்புமனு இட்டனர். வேட்பாளர் தொகை 1033 ஆயிற்று. ஒப்போலைத் தாளைப் பொத்தகமாகவே அச்சிட நேர்ந்தது. அத்தொகுதித் தேர்தலும் தள்ளிப் போயிற்று. ஒப்போலையின் ஆற்றலை இவ்வளவு நுட்பமாக உணர்ந்து கையாண்ட உழவர் தலைமுறைக்கும் இன்று அகவை முதிர்ந்துவிட்டது. இத்தகையோரை நோக்கி, "உங்களுக்கு இனி எதற்கு அது?" என்று கேட்க நமக்கு என்ன தகுதி இருக்கின்றது?

இல்லத்தில் வாழ்வோர் ஒப்போலையை இழப்பது ஒரே இடத்தில் அன்று. மூன்று வாயில்களில் அது தடுக்கப்படுகின்றது. முதலாவது பட்டியல், இரண்டாவது வழி, மூன்றாவது கை. இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

பட்டியலே முதன்மையானது; பெரும்பாலோர் அறியாததும் அதுவே. தேர்தல் நாளில் ஊர்தி ஏற்பாடு செய்வோர் உளர். ஆறு திங்களுக்கு முன்னரே பெயர் எங்கே இருக்கின்றது என்று பார்ப்போர் இலர். 1950-ஆம் ஆண்டின் மக்கள் சார்பாண்மைச் சட்டம், ஒருவர் வழக்கமாக வாழும் இடத்திலேயே தேர்வாளராகப் பதியப் பெறுவார் என்கின்றது. ஓரிடத்தில் வீடு உடைமையாக இருப்பதனால் மட்டும் ஒருவர் அங்கு வாழ்பவராகக் கருதப்படார் என்று அதன் 20-ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகின்றது. சிறிது காலம் வெளியே சென்றிருப்பதனால் மட்டும் பழைய இடத்து உரிமை போய்விடாது என்பதும் அதே பிரிவில் உள்ளது. எனவே, இரண்டு திங்கள் மருத்துவத்திற்காக இல்லத்தில் தங்கியவர் ஊர்ப் பட்டியலில் தொடரலாம். ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு இல்லத்திலேயே வாழ்வோர், இல்லத்தின் முகவரியிலேயே பதிந்துகொள்ளுதல் வேண்டும்.

இங்கு ஓர் ஐயம் எழும். இல்லம் என்பது வாழிடம் ஆகுமா? அச்சட்டமே விடை தருகின்றது. மனநோய் மருத்துவத்திற்கான நிலையத்தில் இருப்பதனால் மட்டும், அல்லது சிறையில் இருப்பதனால் மட்டும், ஒருவர் அவ்விடத்தில் வழக்கமாக வாழ்பவர் ஆகார் என்று அது விலக்கு வைத்துள்ளது. அவ்விலக்கில் முதியோர் இல்லம் இல்லை. முதியோர் இல்லம் சிறையன்று என்பதைச் சட்டம் நினைவில் வைத்திருக்கின்றது, நாம்தான் மறந்துவிட்டோம்.

இந்த மறதியின் விலையை அண்மையில் கண்டோம். 2025-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்னும் பெயரால் பட்டியல் திருத்தப் பணி தொடங்கிற்று. சாவடி நிலை அலுவலர்கள் வீடுவீடாகச் சென்று படிவம் தந்தனர். திசம்பர் 19-ஆம் நாள் வரைவுப் பட்டியல் வெளிவந்தபோது, 6 கோடியே 41 இலக்கமாக இருந்த தேர்வாளர் தொகை 5 கோடியே 43 இலக்கமாகக் குறைந்திருந்தது. நீங்கிய பெயர்கள் ஏறத்தாழ 97 இலக்கம். அவற்றுள் இறந்தோர் பெயர்களும் இருமுறை பதிந்த பெயர்களும் போக, இடம் மாறியோர், முகவரியில் காணப்படாதோர் என நீக்கப்பட்டவை மட்டும் ஏறத்தாழ 66 இலக்கம். விடுபட்டோர் மீண்டும் வேண்டுகை தரக் காலம் தரப்பட்டது உண்மையே. ஆனால், இல்லத்தில் வாழும் முதியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஊரில் வீடு பூட்டிக் கிடக்கின்றது. அலுவலர் வந்து கதவைத் தட்டித் திரும்புகின்றார். அடுத்த வீட்டார், "அவர்கள் கோவைக்குப் போய்விட்டார்கள்" என்று உள்ளதை உள்ளவாறே சொல்கின்றனர். அலுவலர் எழுதுவதும் பொய்யன்று. யாரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் ஒரு குடிமகனின் பெயர் மறைந்துவிடுகின்றது. கோவையில் அவர் வாழும் இல்லத்தில் அவர் பெயரைச் சேர்க்க ஒருவரும் முனையாவிட்டால், உயிரோடு இருக்கும்போதே அவர் குடியாட்சியின் கணக்கில் இல்லாதவர் ஆகிவிடுகின்றார்.

இதற்குத் தீர்வு கடினமானதன்று. இடம் மாறியோர் 8-ஆம் எண் படிவத்தையும், பட்டியலில் பெயரே இல்லாதோர் 6-ஆம் எண் படிவத்தையும் நிறைத்துத் தருதல் வேண்டும். 1950 என்னும் தொலைப்பேசி எண்ணில் வழி கேட்கலாம். ஒருவர் பெயர் ஈரிடத்தில் இருத்தல் கூடாது என்பதும் சட்டமே. ஆகவே பழைய பதிவை மறையாது காட்டிப் புதிய பதிவைக் கேட்டல் வேண்டும். ஓர் இல்லத்தில் நாற்பது பேர் இருப்பின், எழுத்தறிந்த இளைஞர் இருவர்க்கு இஃது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

இரண்டாவது தடை வழி. பட்டியலில் பெயர் இருந்தும் சாவடிக்குச் செல்ல இயலாதோர்க்கு என்ன செய்வது? 2019-இல் தேர்தல் நெறிமுறைகள் திருத்தப்பட்டு, 80 அகவை கடந்தோர்க்கும் மாற்றுத்திறனாளிகட்கும் இருந்த இடத்திலேயே அஞ்சல் ஒப்போலை இடும் வாய்ப்புத் திறந்தது. நம் மாநிலத்தில் 2021 ஏப்பிரல் 6-ஆம் நாள் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது. 12-ஈ எனத் தமிழில் குறிக்கத்தக்க '12 டி' படிவத்தைத் தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாள்களுக்குள் தருதல் வேண்டும். பின்னர் அலுவலர் இருவர், காவலரோடும் ஒளிப்படக் கருவியோடும் இருப்பிடத்திற்கே வருவர். மறைவாக ஒப்போலை இட இடம் அமைத்து, உறையிட்டு ஒட்டி வாங்கிச் செல்வர். வேட்பாளரின் முகவர்க்கும் முன்னறிவிப்புச் செல்லும். இவ்வழியைத் தேர்ந்தவர் பின்னர் சாவடியில் ஒப்போலை இட இயலாது.

நல்ல ஏற்பாடு. ஆனால் 2024 மார்ச்சுத் திங்களில், நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சற்று முன்னர், 80 என்னும் வரம்பு 85 என உயர்த்தப்பட்டது. அகவை முதிர்ந்தோரிலும் மிகப் பெரும்பாலோர் சாவடிக்கு வந்து ஒப்போலை இடவே விரும்புகின்றனர் என்பது அதற்குச் சொல்லப்பட்ட கரணியம். பொதுவாக நோக்கின் அது பொய்யன்று. விரலில் மையிட்டுக்கொண்டு திரும்பும் பெருமிதத்தை எந்த முதியவரும் எளிதில் விட்டுக்கொடார். ஆயின், வீட்டில் மக்களோடு வாழும் முதியவரின் கணக்கை இல்லத்தில் வாழும் முதியவர்மேல் ஏற்றுதல் முறையன்று. நடக்க இயலாமையே அவருள் பலரை இல்லத்திற்குக் கொண்டுவந்தது. எண்பத்திரண்டு அகவையில் இடுப்பெலும்பு முறிந்து கிடக்கும் ஒரு மூதாட்டிக்கு, நடக்கவல்ல பல்லாயிரவரின் விருப்பம் எவ்வாறு விடையாகும்?

இதற்கிடையில் நாம் அறிந்து பயன்கொள்ள வேண்டிய வழி ஒன்று உண்டு. நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் உடற்குறை உள்ளதாகச் சான்றிதழ் பெற்றோர்க்கு அகவை வரம்பின்றி இவ்வேற்பாடு உரியது. பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர், கண்பார்வை பெரிதும் இழந்தவர் பலர், தகுதி இருந்தும் அச்சான்றிதழ் இன்றி இல்லங்களில் இருக்கின்றனர். அதனைப் பெற்றுத் தருதல் ஒப்போலைக்கு மட்டுமன்றி உதவித்தொகைக்கும் பயன்படும்.

எனினும் இவையெல்லாம் ஒட்டுத்துணிகள். முழு ஆடை வேறு. செருமனியில் நகரும் தேர்தற்குழு முதியோர் இல்லங்களுக்கே செல்கின்றது. கனடாவிலும் ஆத்திரேலியாவிலும் நடமாடும் சாவடிகள் நெடுங்கால நோயர் இல்லங்களுக்கு வருகின்றன. அயர்லாந்தில் அலுவலர் ஒருவர் காவலரோடு செல்கின்றார். சப்பானில் அதற்கெனக் குறிக்கப்பட்ட மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் அங்கேயே ஒப்போலை இடலாம். அங்கெல்லாம் ஒருவர் எத்தனை அகவையினர் என்பதைவிட, எங்கு வாழ்கின்றார் என்பதே நோக்கப்படுகின்றது. இங்கும் அதுவே வேண்டும். இத்தனை பேருக்கு மேல் வாழும் பதிவு பெற்ற இல்லம் எதுவாயினும், அங்கு ஒரு நாள் நடமாடும் சாவடி வருதல் வேண்டும் என்று நெறிமுறை வகுக்கலாம். மலையுச்சியில் வாழும் சிலர்க்காகப் பொறியைத் தலையில் சுமந்து ஏறும் தேர்தல் ஆணையத்திற்கு வடவள்ளியும் தொண்டாமுத்தூரும் எட்டாத் தொலைவு அல்ல.

மூன்றாவது தடை கை. இதுவே நுண்ணியது; உதவுவோர் வடிவிலேயே வருவது. கண்பார்வையற்றோரும் உடல் தளர்ந்தோரும் துணைவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம் என 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்துகை நெறிமுறைகள் இசைவு தருகின்றன. துணைவர் 18 அகவை நிரம்பியவராக இருத்தல் வேண்டும். அறிந்ததை வெளியிடேன் என்று எழுதித் தருதல் வேண்டும். அதனினும் இன்றியமையாதது, ஒருவர் ஒரே நாளில் ஒருவர்க்கு மட்டுமே துணை செல்லலாம் என்பது. இந்நெறியின் கூர்மையைப் பாருங்கள். இல்லத்தின் மேலாளர் பத்துப் பேரை அழைத்து வந்து பத்துப் பேர்க்கும் தாமே அழுத்திவிட இயலாது. பத்து முதியோர்க்குப் பத்துத் துணைவர் வேண்டும். நல்ல மனத்தோடு நடத்தப்படும் இல்லங்களும் தேர்தல் நாளில் திணறுவது இதனால்தான். அங்குப் பணிசெய்யும் செவிலியர்க்கும் சமையலாளர்க்கும் ஒப்போலை உண்டு. அன்று அவர்கட்கு ஊதியத்துடன் விடுமுறையும் உண்டு. ஆட்குறை நிகழ்வதும், துணை மிகுதியாக வேண்டுவதும் ஒரே நாளில்.

ஆசிரியர்க்குத் தேர்தற் பணி புதிதன்று. சாவடிகளில் அமர்ந்திருந்த ஆண்டுகளில் நான் பன்முறை கண்டது ஒன்று. முதியவரை அழைத்து வரும் உறவினர், "இவருக்கு ஒன்றும் தெரியாது, நானே போட்டுவிடுகிறேன்" என்று அவர் காதுபடவே சொல்வர். தலைமை அலுவலர் அவ்வுறவினரை விடுத்து முதியவரையே நோக்கி, "ஐயா, நீங்களே அழுத்துவீர்களா?" என்று வினவுவார். "ஏனுங், நானே போட்டுக்கறனுங்க" என்று விடை வரும். கைத்தடியும் முன்னே நகரும். வினா யாரை நோக்கிக் கேட்கப்படுகின்றது என்பதில்தான் உரிமை இருக்கின்றது.

மறதிநோய் உற்றோர் நிலை என்ன என்று கேட்பீர்கள். மனநிலை திரிந்தவர் என்று உரிய முறைமன்றம் தீர்ப்புரைத்திருந்தால் அன்றி ஒருவர் பெயரைப் பட்டியலினின்று அக்கரணியத்தால் நீக்க இயலாது. மகனும் மேலாளரும் அதனை முடிவு செய்யும் உரிமை உடையவர் அல்லர். காலையில் உண்டது மறந்தவர்க்கும் தம் நெஞ்சில் ஐம்பதாண்டாக ஊன்றிய கொள்கை மறவாதிருக்கலாம். அதே வேளை, தம் விருப்பத்தை எவ்வகையானும் உணர்த்த இயலாத ஒருவரின் பெயரால் பிறர் ஒப்போலை இடுதல் அவர்க்குச் செய்யும் உதவியன்று. அவரிடமிருந்து செய்யும் திருட்டு. "எனக்கு வேண்டா" என்பவரை வற்புறுத்துதலும் கூடாது. ஒப்போலை இடாமையும் அவர் விருப்பமே.

கட்சி அன்பர்கட்கும் ஒரு சொல். வேட்பாளரோ அவர் முகவரோ அவர்தம் இசைவு பெற்ற பிறரோ தேர்வாளரை இலவயமாக ஏற்றிச் செல்ல ஊர்தி அமர்த்துதல், மக்கள் சார்பாண்மைச் சட்டத்தின் 123-ஆம் பிரிவின்படி ஊழற் செயல். கொடி கட்டிய ஊர்தி இல்ல வாயிலில் நிற்குமாயின், அதில் ஏறும் முதியவரின் ஒப்போலைமேல் ஐயத்தின் நிழல் விழுகின்றது. ஊர்தியை இல்லமே ஏற்பாடு செய்யட்டும். கட்சிகள் தம் கருத்தைச் சொல்ல விரும்பின், தேர்தலுக்கு முன்னரே எல்லாக் கட்சியாரும் ஒப்ப வந்து பேசிச் செல்லட்டும். இல்லத்தார் ஒருவர்க்குக் கதவு திறந்து மற்றவர்க்குச் சாத்துதல் ஆகாது.

ஓலையிட்டுத் தேரும் முறை தமிழ் மண்ணுக்குப் பழையது. கயிற்றால் கட்டிய குடத்திலிருந்து ஓலை எடுக்கும் காட்சியை அகநானூற்றின் 77-ஆம் பாட்டு உவமையாகக் காட்டுகின்றது. முதற்பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை. அங்குக் கூடியது பார்ப்பனச் சதுர்வேதிமங்கலத்து அவை. குடிமக்கள் அனைவர்க்கும் அதில் இடமில்லை. ஆகவே அதனை இற்றைக் குடியாட்சியோடு ஒன்றாக வைத்துப் பெருமை பேசுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆயினும் அதனுள் நாம் கற்கத்தக்க ஒரு நுட்பம் இருக்கின்றது. இளையோரும் முதியோரும் உட்பட அவை நிறையக் கூடுதல் வேண்டும் என்று அக்கல்வெட்டு விதிக்கின்றது. குடத்தை எல்லாரும் காண உயர்த்திப் பிடிப்பவர் அங்குள்ள பூசகருள் மூத்தவர். உள்ளே இருப்பது அறியாது ஓலையை எடுப்பவன் ஒரு சிறுவன். மூத்தோர் கையும் சிறுவர் கையும் சேராமல் அத்தேர்வு நிறைவு பெறவில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு குறுகிய அவைக்கு இருந்த அந்த நினைவு, எல்லார்க்கும் உரிமை தந்துவிட்டோம் என்று பேசும் நமக்கு இல்லாமற் போகலாமா?

"இவர்கள் ஒப்போலை இட்டு என்ன ஆகிவிடும்?" என்று கேட்போர் உளர். ஒப்போலை இல்லாத இடத்தில் வேட்பாளரின் காலடி படுவதில்லை. காலடி படாத இடத்தின் குறை மன்றத்தில் ஒலிப்பதில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் வறிய முதியோர் 150 பேரேனும் தங்கத்தக்க இல்லம் படிப்படியாக அமைக்கப்படலாம் என 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டம் கூறுகின்றது. முதியோர் உதவித்தொகை 2023-இல்தான் திங்களுக்கு 1000 உரூபாவிலிருந்து 1200 ஆயிற்று. இல்லங்களில் உணவு எவ்வாறு, மருந்து எவ்வாறு, மேற்பார்வை எவ்வாறு என்பவை அனைத்தும் ஆட்சியாளர் கையில் உள்ளவை. இவற்றால் நேரே தாக்கப்படுவோர்க்கே இவற்றைப்பற்றி முடிவு செய்யும் வாய்ப்பு இல்லை என்பதே இங்குள்ள கொடுமை.

எனவே, தமிழன்பர்களே, இவ்விதழைப் படித்து முடித்தபின் செய்யத்தக்கவை சில உண்டு. உங்கள் ஊரில் முதியோர் இல்லம் எங்குள்ளது என்று அறியுங்கள். மேலாளரின் இசைவோடு சென்று, அங்கு வாழும் ஒவ்வொருவரிடமும் நேரே கேளுங்கள்: பெயர் எந்த ஊர்ப் பட்டியலில் உள்ளது, எங்கு ஒப்போலை இட விரும்புகின்றீர்கள் என்று. சனவரி, ஏப்பிரல், சூலை, அத்தோபர் என ஆண்டில் நான்கு தகுதி நாள்கள் உள. அவை புதிதாக அகவை நிறைவோர்க்கு உரியன. முதியோரின் இடமாற்றப் பதிவுக்கோ அக்காத்திருப்பும் வேண்டா. பட்டியல் திருத்தம் தொடரும் காலமெல்லாம் வேண்டுகை தரலாம். கல்லூரி மாணவரை ஒருவர்க்கு ஒருவராகத் துணை சேருங்கள். தேர்தல் நாளன்று மட்டுமன்றி முன்னரும் சிலமுறை சென்று பழகச் செய்யுங்கள். நடமாடும் சாவடி வேண்டும் என்று மாவட்ட ஆட்சியர்க்கும் தேர்தல் ஆணையத்திற்கும் தூய தமிழில் எழுதுங்கள்.

எல்லாவற்றினும் மேலாக ஒன்றை உள்ளத்தில் இருத்துங்கள். கை நடுங்குவோர்க்கு நம் கையைத் தரலாம். கண் மங்கியோர்க்கு நம் கண்ணைத் தரலாம். கால் தளர்ந்தோர்க்கு நம் தோளைத் தரலாம். நம் கருத்தை மட்டும் தருதல் கூடாது. அது அவர்களிடம் நம்மினும் மிகுதியாகவே இருக்கின்றது.